நாடாவின் காது

பத்தொன்பது வருடம் விசைத்தறி.
பொதட்டூர்பேட்டையில் கரண்ட் போனால்
எல்லோருக்கும் ஊர் அடங்கிவிடும்.
எனக்கு மட்டும் மண்டைக்குள்
தறி ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் எனக்குப் பதிலாகக் கேட்பது பூனைதான்.
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாயுமே,
அந்தப் பேரையே வைத்தேன், நாடா.

இடது காது மட்டும் பின்னால் திரும்பினால் பால்காரர் வண்டி.
இரண்டும் முன்னால் குவிந்தால்
அரிசி டின்னுக்குப் பின்னால் எலி.
வால் நுனி தனியாக ஆடினால்
தலையணைக்கு அடியில் போன் அதிர்கிறது,
ஸ்ரீபெரும்புதூரிலிருந்து டில்லிபாபு, வீடியோவில் கையசைப்பான்.
வால் கம்பமாக நின்று நுனி கொக்கியானால்
தேசம்மா மீன் குடலோடு படியேறுகிறாள்.
குக்கர் மூன்று விசில் வரை பொறுத்துக்கொள்ளும்,
நாலாவதுக்கு எழுந்து போய்விடும்.
நான் அடுப்பை அணைப்பேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம்
காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்தன,
நமுத்துப்போன அப்பளம் மாதிரி.
காலெல்லாம் உள்ளே மடித்து உட்கார்ந்திருந்தது,
கண் பாதி மூடி.
தூங்குகிறது என்றுதான் யாரும் சொல்வார்கள்.
ஆனால் தோள் தூக்கியே இருந்தது.
தூங்குகிற உடம்பில் தோள் அப்படி நிற்காது.

அந்த வாரம்தான் டில்லிபாபு
தீபத்துக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தான்.
பார், இதற்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.
தட்டு வரை போய் மோந்துவிட்டுத் திரும்பியது.
கோபம் என்று நினைத்தேன்,
செவ்வாய்க்கிழமை பாவைக் கலைத்ததற்கு ஒரு அடி வைத்தேன் இல்லையா.
நெத்திலி வாங்கி, முள்ளெடுத்து,
தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.
என் குரல் எவ்வளவு பெரிதாக வந்ததோ
தேசம்மா ஓடிவந்துவிட்டாள்.
திஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.
நாடா தும்மியது.

என் வருத்தத்தை அதன் முதுகில் ஏற்றிவிட்டு
அதையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்
மூன்று நாளாக.

வியாழன் காலை, தண்ணீர்க் கிண்ணத்தில்
சிவப்பாக ஒரு இழை.
இழை என்றால் எனக்குத் தெரியும்,
எங்கே அறுந்தது என்று தேட வேண்டும்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது:
நக்கும்போது தலை வலப்பக்கம் மட்டும் சாய்கிறது,
நக்கியதும் முன்னங்காலால் வாயைத் தள்ளிவிடுகிறது.

பாபின் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு
நகரி பஸ் ஏறினேன்.
எல்லையில் போன் அதிர்ந்தது,
ஆந்திரப் பிரதேசம் வரவேற்கிறதாம்.
பெட்டிக்குள் விரலை விட்டேன்.
ஈர மூக்கு வந்து தொட்டுவிட்டுப் போனது.

டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தாள்.
பாதி முகம் மறைந்தால் எனக்கு மொழியே இல்லை,
தமிழும் இல்லை தெலுங்கும் இல்லை.
அவள் கையைப் பார்த்தேன்.
அந்தக் கைக்கு அடியில்
நாடாவின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது.
சரி, இவளிடம் விடலாம்.

உதட்டைத் தூக்கிக் காட்டினாள்:
உடைந்து, கறுத்து, ஈறு வீங்கி.
கவசத்தை இறக்கி ஒரு சொல் சொன்னாள்.
பன்னு என்றாளோ பல்லு என்றாளோ,
உதட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

பிடுங்கி இன்றோடு ஒன்பது நாள்.
நாலாவது விசிலுக்கு எழுந்து போகிறது.

நேற்று தேசம்மா என் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்,
"எங்க வீட்டுக்கு வந்தா தெருவே அதிரக் கத்துது.
உன்கிட்ட மட்டும் ஏன் சத்தமே இல்லாம
வாயைத் திறந்து திறந்து மூடுது?"

எனக்கென்ன தெரியும்.
கத்துகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
எப்போது நிறுத்தியது?
எத்தனை நாள் கத்திப் பார்த்தது,
என்னுடைய எதைப் பார்த்து முடிவு செய்தது?

இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறது.
காது முன்னால். வால் காலைச் சுற்றி.
என் தோளையே பார்க்கிறது.

கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.